மூன்றாவது தலையணை

பெரியம்மா மூன்று தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்ததை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடிக்குப் போவதை நிறுத்தியிருந்தார், முட்டி வலி என்றார், நம்பினோம். சாயங்காலமானால் செருப்பு காலை இறுக்கியது. நின்றபடியே வேலை செய்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று நாங்களே சமாதானம் சொன்னோம். டாக்டரும் வயது, எடை, கொஞ்சம் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரே, அதற்குப் பிறகுதான் இதயச் செயலிழப்பு என்று தெரிந்தது.

பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. உடம்புக்குத் தேவையான ரத்தத்தை இதயத்தால் சரிவர அனுப்ப முடியாமல் நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்துக்கொள்கிறது. படுத்தால் காலில் தேங்கியது நெஞ்சுப் பக்கம் திரும்பி வரும். தலையணை ஒன்று ஒன்றாகக் கூடியது அதனால்தான்.

பெண்களிடம் இந்த நோய் கண்டுபிடிக்கப்படாமல் போக இன்னொரு காரணமும் உண்டு. இதயத் தசை விறைத்து, முழுதாகத் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் போகும் வகைதான் பெண்களிடம் அதிகம். ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 50 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். "பம்பிங் நல்லா இருக்கு" என்றதும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். மூச்சிரைப்பு குறையாவிட்டால், இதயம் சிரமப்படுவதைக் காட்டும் பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல், பருமனானவர்களுக்கு அந்த அளவு குறைவாகவே காட்டலாம்.

பிள்ளை பெற்றவர்களையும் சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரைக்கும் இதயத் தசை பலவீனமாகும் ஒரு நோய் வரலாம். கைக்குழந்தைக்காரி களைத்துத்தான் இருப்பாள் என்று அதையும் தள்ளிவிடுகிறோம்.

என்னைக் கேட்டால், நாம் கேட்கும் கேள்வியே தப்பு. "மூச்சு வாங்குதா?" என்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை அது. மூச்சு வாங்கும் வேலையை எப்போதோ விட்டிருப்பார்கள். ஆறு மாதம் முன்பு செய்ததில் இப்போது எதைச் செய்வதில்லை என்று கேளுங்கள். எத்தனை தலையணை, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், படுத்தால் இருமல் வருகிறதா என்று கேளுங்கள். டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள்.

பெரியம்மா இப்போது தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறார். நீர் கோத்து மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டால் உடனே டாக்டருக்குப் போன் போடுகிறோம். போன மாதம் ஒரு தடவை போட்டோம். மாத்திரையைக் கூட்டினார்கள், இரண்டு நாளில் செருப்பு தளர்ந்தது.