“ஓடர் வந்தால் உங்களைத்தான் முதலில் கூப்பிடுவம்”

ஓடர் இல்லை என்று ஆட்களைக் குறைக்கும்போது இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் சொல்லும் வசனம் இது. கூடவே ஒரு தாளையும் நீட்டுவார்கள்: “எனது சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்.” எல்லாம் அடித்துத்தான் இருக்கும். பெயர், திகதி, சைன் மட்டும்தான் பாக்கி.

விசுவமடுவில் இருக்கிற என் மச்சாளும் அதில் சைன் வைத்தவர். ஓவர்லொக் மெஷினில் நாலரை வருடம். யாரும் கூப்பிடவில்லை. சில மாதங்களில் தொழிற்சாலையின் அதே பஸ் புதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. பயிற்சிச் சம்பளத்துக்கு ஆள் கிடைத்தால் பழைய ஆள் எதற்கு?

கூப்பிட்டிருந்தாலும் புது ஆளாகத்தான் எடுத்திருப்பார்கள். பணிக்கொடைக்கு (வேலையை விட்டுப் போகும்போது தரவேண்டிய காசுக்கு) 5 வருட சேவை வேண்டும். அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாலரை வருடத்தில் ஓடர் குறைவது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அந்த சைன் ஏன் அவர்களுக்கு அவ்வளவு அவசரம்? 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்த நிறுத்தம் செல்லாது. திரும்ப வேலை கொடு, இடைப்பட்ட சம்பளத்தையும் கொடு என்று ஆணையாளர் உத்தரவிடலாம். “நானாகவே விலகினேன்” என்று எழுதிக் கொடுத்தபிறகு எதை வைத்து வாதாடுவது?

சைன் வைக்காவிட்டால் சம்பளம் இல்லை, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) தாளும் இல்லை என்று வெருட்டுவதும் உண்டு. செய்த வேலைக்குச் சம்பளமும் ஈபிஎப் காசும் உங்களுடையவை. அதற்கும் அந்தக் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கிழமைக்கிழமை லோன்காரர் படலையில் வந்து நிற்கிற வீட்டில் இதையெல்லாம் யோசிக்க எங்கே நேரம்? அதனால்தான் மச்சாளை நான் குறை சொல்லமாட்டேன்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. ஆட்குறைப்பில் போனவருக்கே மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை என்று இந்தியாவில் 1953இலேயே தொழில் தகராறுச் சட்டத்தில் 25எச் பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் 1971 சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போட ஆணையாளரால் முடியும். பழைய ஆட்களை முதலில் கூப்பிட வேண்டும், பழைய சேவையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதையும் நிபந்தனையாகக் கேட்கலாமே? தொழிற்சங்கக்காரர் யாராவது இதை வாசித்தால் பதில் சொல்லுங்கோ.

அதுவரைக்கும், கூப்பிடுவம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். விலகல் கடிதத்தில் சைன் வைக்காதீர்கள். வைக்காமலே நிறுத்திவிட்டார்களா? 6 மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள்.