ஆஷ் சோதனை சொல்வது அது இல்லை

"சாலமன் ஆஷின் கோடு சோதனையில் முக்கால்வாசிப் பேர் கூட்டத்தோடு போனார்கள், மனிதர்கள் ஆட்டு மந்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். உளவியலாளர் ஆஷ் அதில் ஒரு குழுவிடம், காட்டிய கோட்டுக்குச் சம நீளமான கோடு எது என்று கேட்டார்; சோதிக்கப்பட்டவர் ஒருவரே, மற்றவர்கள் ஆஷ் முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஆட்கள். அந்த முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது வழுக்கியவர்கள், அவ்வளவுதான். கூட்டம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன சுற்றுகளில், சுமார் 37 சதவீதப் பதில்களே அதோடு போனவை. கால்வாசிப் பேர் கடைசிவரை அசையவே இல்லை. தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக, கண்ணுக்கே தெரியும்படி நீளம் பொருந்தாத கோட்டைச் சொல்ல, தன் முறை வரும்போது "இல்லை, இதுதான்" என்பது லேசான காரியமா? அப்புறம், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள்: பக்கத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே போதும், தவறான பதில்கள் கால்வாசியாகக் குறைந்தன. 1956இல் ஆஷ் வெளியிட்ட ஆய்வின் தலைப்பிலேயே 'சுயேச்சை' முதலில் வருகிறது. 'இணங்கிப்போதல்' அதற்குப் பிறகுதான்.