ரைக்ஸ்டாக் கொடிப் படம்: அது வெற்றிக் கணம் அல்ல

பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் வீரர் கொடி ஏற்றும் படத்தை, “1945 ஏப்ரல் 30, கட்டடம் வீழ்ந்த அதே நொடி” என்று பகிர்கிறார்கள். தவறு. அன்று இரவு அங்கே கொடி ஏறியது உண்மைதான். ஆனால் இருட்டில் யாரும் படமெடுக்கவில்லை. இந்தப் படம் மே 2-ல், சண்டை ஓய்ந்தபின், சோவியத் புகைப்படக்காரர் யெவ்கெனி கால்தேய் ஆட்களை நிறுத்தி எடுத்தது. கொடியும் அவர் மாஸ்கோவிலிருந்து கொண்டுபோனது. சிவப்பு மேசைவிரிப்பில் தைத்தது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். கொடி பிடித்தவரைக் கீழிருந்து தாங்கும் அதிகாரியின் இரு மணிக்கட்டிலும் கடிகாரம் போலத் தெரிந்தது. கொள்ளையடித்ததாகப் பேச்சு வருமே! வலது கையில் இருந்ததை நெகட்டிவில் ஊசியால் சுரண்டி எடுத்தார்கள். பிந்தைய பிரதிகளில் வானத்தில் கரும்புகையும் சேர்ந்தது. பெர்லின் வீழ்ந்தது பொய்யில்லை, படம்தான் பிரசாரத்துக்காக ஜோடிக்கப்பட்டது. பகிர்பவர்கள் தேதியையாவது திருத்திப் போடுங்கள்.