பூசணிப் பூ கொட்டுவது சத்துக் குறைவால் அல்ல

ஒருவர், பூசணிக்கொடியில் பூ கொட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் நின்றுவிடும் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி உரத்தைக் கொட்டாதீர்கள். பூசணியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். மலர்ந்த ஒரே நாளில் வாடி விழுவதுதான் அவற்றின் இயல்பு.

பூவின் அடியைப் பாருங்கள். வெறும் நீளக் காம்பு என்றால் ஆண். கோலிக்குண்டு அளவில் பிஞ்சு இருந்தால் பெண். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. மாடித் தோட்டத்துக்குத் தேனீ வரத்து குறைவு. காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டில் உள்ள மஞ்சள் நிற மகரந்தப் பொடியைப் பெண் பூவின் சூல்முடியில், அதாவது பூவின் நடுவே உள்ள தடித்த முனையில், நன்றாகத் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.

சுரைக்காய்க்கு இந்த நேரம் சரிப்படாது. அதன் வெள்ளைப் பூ சாயங்காலம்தான் விரியும், பீர்க்கங்காயும் அப்படியே. அப்புறம், தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் கொடி இலையாகவே போகும். அதனால் பூக்கும் சமயத்தில் தழைச்சத்து உரமான யூரியா வேண்டவே வேண்டாம்.