காமன் (கறுப்பு ப்ரோப் சொருகுற சாக்கெட்) வேற, பேட்டரி மைனஸ் வேற! எத்தனை தடவைதான் சொல்றது?

மறுபடியும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் செத்து வந்திருக்கு. அதே மஞ்சள் டப்பா, அதே டிடி 830 வகை. பின்பக்கத்தைத் திறந்தா 9 வோல்ட் பேட்டரி இருக்க வேண்டிய குழி காலி. கிளிப்பை வெட்டி, ஒயரை வெளியே இழுத்து, ரெண்டு முறுக்கு முறுக்கி, டேப் சுத்தி, பழுது பார்க்கிற போர்டுக்கு ஓடுற சப்ளையிலயே சேர்த்தாச்சு. கேட்டா ஒரே பதில்: "9 வோல்ட் கேக்குது, 9 வோல்ட் குடுத்தேன். இதுல என்ன தப்பு?"

எல்லாமே தப்பு!

பேட்டரி மாத்தி மாத்திக் கடுப்பாகுதுன்னா அது நியாயம். அந்த மீட்டர் தானா அணையாது. உள்ள அளக்கிற வேலையைச் செய்ற 7106 ஐசி இழுக்கிறது என்னவோ 1 மில்லி ஆம்ப் கிட்டத்தான். ஆனா அந்த 9 வோல்ட் பேட்டரியில (6எஃப்22) இருக்கிறதே 400 மில்லி ஆம்ப் ஹவர் சொச்சம். நாபைத் திருப்ப மறந்து விட்டுட்டா ரெண்டு வாரத்துல காலி. கடை அலமாரியில வருஷக்கணக்காத் தூங்கின பேட்டரின்னா அதுக்கும் முன்னாடியே. அதுவும் 7 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா மீட்டர் பேசாம அணைஞ்சு தொலையாது. எதோட ஒப்பிட்டு அளக்குதோ அந்த ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் சரியும், அது சரியச் சரிய ரீடிங் கூடுதலாக் காட்டும். அதை நம்பி நல்ல போர்டைக் கழட்டினவங்க எத்தனை பேர்! அதனால பெஞ்சுல நாள் பூரா ஆன்ல கிடக்கிற மீட்டருக்கு வெளி சப்ளை வேணும்னு நினைக்கிறதுல குத்தமே இல்ல.

ஆனா இந்த மீட்டருக்கு என்ன நடந்துச்சுன்னு பாருங்க. பெஞ்ச் சப்ளை 12 வோல்ட். அது போர்டுக்குப் போகுது. அதுலேர்ந்தே ஒரு 7809 ரெகுலேட்டர் போட்டு மீட்டருக்கு 9 வோல்ட். ரெண்டுக்கும் கிரவுண்ட் ஒண்ணு. போர்டுல 5 வோல்ட் வருதான்னு பார்க்கணும். கறுப்பு ப்ரோபைக் கிரவுண்ட்ல வெச்சாச்சு.

அந்த நொடியிலேயே வேலை முடிஞ்சது. 7106 ஐசி தன்னோட காமன் பின்னை பிளஸ்லேர்ந்து சுமார் 2.8 வோல்ட் கீழ நிறுத்தி வெச்சிருக்கும். அதாவது பேட்டரி மைனஸுக்கு 6 வோல்ட் மேல. கறுப்பு ப்ரோப் போற சாக்கெட் அந்தக் காமன்தான், பேட்டரி மைனஸ் கிடையாது. இப்போ கிரவுண்ட் வழியா ரெண்டையும் ஷார்ட் பண்ணியாச்சு. கீழ இழுத்தா எதிர்த்து நிக்க அந்தப் பின்னுக்குத் தெம்பு இல்ல, 10 மைக்ரோ ஆம்ப்தான் அதால தர முடியும். படக்குன்னு 0-க்கு இறங்கிடுச்சு. 2.8 வோல்ட்லேர்ந்து பிரிச்சு எடுக்க வேண்டிய ரெஃபரன்ஸ் இப்போ 9 வோல்ட்லேர்ந்து வருது, மூணு மடங்குக்கு மேல. போதாக்குறைக்கு, உள்ள வர்ற இன்புட், சப்ளை மைனஸைவிட 1 வோல்ட்டாவது மேல இருந்தாத்தான் ஐசி ஒழுங்கா அளக்கும். அதுவும் போச்சு. திரையில வந்தது எண்ணே இல்ல, குப்பை.

சரி, அப்பவாவது மீட்டர் மேல சந்தேகம் வரணுமா இல்லையா? வரல! போர்டு மேல பழி. 5 வோல்ட் தர்ற 7805 ரெகுலேட்டரை மாத்தினாங்க. அதே குப்பை. கப்பாசிட்டரை மாத்தினாங்க. அதே குப்பை. டிராக் பேந்து வர்ற அளவுக்குச் சூடு வெச்சாங்க. கடைசியில "ப்ரோப் மாறிப் போச்சோ"ன்னு கறுப்பைத் தூக்கி 12 வோல்ட்ல வெச்சாங்க. ஐசியோட பிளஸ் 9, காமன் 12. பின்னாடி ஆம்ப் கணக்கில தள்ளத் தயாரா ஒரு சப்ளை. ஐசி போச்சு. கறுப்புப் பொட்டு மாதிரி போர்டுலயே ஒட்டி வர்ற ஐசி அது, கழட்டி வேற போட வழியே இல்ல.

நம்பிக்கை வரலைன்னா உங்க மீட்டர்ல பேட்டரியைப் போட்டு, ஆன் பண்ணி, இன்னொரு மீட்டரால அளங்க. பேட்டரி பிளஸுக்கும் காமன் சாக்கெட்டுக்கும் நடுவுல 3 வோல்ட் பக்கம், காமனுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 6 வோல்ட் பக்கம் காட்டும். அளக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

தேவை ஒண்ணே ஒண்ணு: மீட்டரோட சப்ளை தனியா மிதக்கணும். அளக்கிற சர்க்யூட்டோட எந்த ஒயரும் அதுல சேரக் கூடாது. தனி ட்ரான்ஸ்ஃபார்மர், செகண்டரி 12 வோல்ட். 9 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்காதீங்க. வீட்டு லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கினா டயோடு பிரிட்ஜ் தாண்டி 9.7 வோல்ட்தான் மிஞ்சும், 7809-க்கு 11 வேணும். பிரிட்ஜுக்கு 1என்4007 டயோடு நாலு, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் ஒண்ணு, 78எல்09 (7809-ஓட சின்ன வடிவம்) ஒண்ணு, அதோட காலுக்குப் பக்கத்துலயே 0.33-ம் 0.1-ம் மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். இழுக்கப் போறது ஓரிரு மில்லி ஆம்ப், ஹீட் சிங்க் வேண்டாம்.

செத்த பேட்டரியோட தொப்பியைக் கழட்டி ஒயர் வெச்சா கனெக்டர் சுலபம். அதுக்குப் பதிலா புதுக் கிளிப் வாங்கி மீட்டர் கிளிப்போட முகத்துக்கு முகம் மாட்டுறீங்களா? அப்போ நிறம் தலைகீழ். கறுப்பு ஒயர்தான் பிளஸ்! சிவப்புன்னு கண்ணை மூடிக் குடுத்தா அதுக்கும் ஒரு மீட்டர் பலி. கிட்டார் பெடல் அடாப்டரை எடுத்து மாட்டுறவங்களுக்கும் இதே கதி, அதுல நடு முள் பெரும்பாலும் மைனஸ்.

"மொபைல் சார்ஜர் போதும், வோல்ட்டை ஏத்துற எம்டி3608 பூஸ்ட் மாட்யூல் ஒண்ணு போட்டு 9 ஆக்கிடலாம்"னு ஒரு கூட்டம் சொல்லிட்டே இருக்கு. சார்ஜருக்குள்ள பிரைமரிக்கும் (லைன் பக்கம்) செகண்டரிக்கும் (வெளியே வர்ற பக்கம்) நடுவுல ஒரு ஒய் கப்பாசிட்டர் இருக்கும். 1 நானோஃபாரட்னாலும் 230 வோல்ட்ல 70 மைக்ரோ ஆம்ப் வரைக்கும் கசியலாம். மில்லிவோல்ட் அளக்கிற கருவிக்கு அது சின்ன விஷயமா? பூஸ்ட் மாட்யூல் 1.2 மெகாஹெர்ட்ஸ்ல கத்துற மின் இரைச்சல் தனி. அந்த மாட்யூலை முதல்ல தனியா ஓட விட்டு, அதுல இருக்கிற ப்ரீசெட் திருகைத் திருகி 9 வோல்ட் வந்த பிறகுதான் மீட்டர்ல மாட்டணும். அது 28 வோல்ட் வரைக்கும் ஏறும், 7106-ஓட உச்சவரம்பு 15.

இதைவிட முக்கியம் உயிர். வெளி சப்ளை மாட்டின மீட்டரால வீட்டு லைனை அளக்கவே அளக்காதீங்க. கறுப்பு ப்ரோப் ஃபேஸ் ஒயரைத் தொட்டா காமன், பேட்டரி ஒயர், டப்பாவுல ஓட்டை போட்டு வெச்ச அந்த டிசி சாக்கெட்டோட உலோகம், எல்லாமே 230 வோல்ட். மேல கை பட்டா அவ்வளவுதான். லைன் அளக்கணுமா? ஒயரைப் பிடுங்கு, உள்ள பேட்டரியைப் போடு, மூடியைத் திருகு, அப்புறம் அளந்துக்கோ.

இவ்வளவு எதுக்கு? ஆறு டபுள் ஏ அல்கலைன், ஒரு பிளாஸ்டிக் ஹோல்டர், அரை அடி ஒயர். 9 வோல்ட் ஆச்சு. தானாவே மிதக்குது, இரைச்சல் கிடையாது, கசிவு கிடையாது. ராத்திரி பகலா ஆன்லயே கிடந்தாலும் ரெண்டு மாசத்துக்கு மேல ஓடும். இதைச் சொன்னா "அது பேட்டரிதானே"ன்னு முகத்தைச் சுளிக்கிறாங்க!

அது கிடக்கட்டும். இந்த மீட்டரைச் செஞ்சவங்களைக் கேக்கணும், பேட்டரிக்குன்னு தனியா ஒரு மூடி வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்? ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் முழுசையும் கழட்டணும். பிளாஸ்டிக்லயே நேராக் கடிக்கிற ஸ்க்ரூ ரெண்டு. பத்து தடவை கழட்டினா மரை தேஞ்சு சுத்திக்கிட்டே இருக்கு. இதோ இதுல ஒரு ஸ்க்ரூவையே காணோம். ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்காங்க, அதுவும் உருகி டப்பாவோட ஒட்டிப் போச்சு.