காட்டேஜ் எடுத்தால் தோரோ ஆகிவிட முடியாது

வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்துத் தங்கி, சில்வர் ஓக் மரத்தடியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, "ஊர் சொல்றபடி எல்லாம் வாழ முடியாது, இனிமே நான் நானாத்தான் இருப்பேன்" என்று ரீல்ஸ் போடுகிற தம்பி தங்கைகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்லா இருங்க. மலைக்காற்று யாருக்குத்தான் பிடிக்காது, சேலத்து வெயில் தாங்காமல் மே மாதம் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிப்போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துகொள்கிற ஆள்தான் நானும். ஆனால் அந்த ரீல்ஸுக்கு அடியில் அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் பெயரை ஹேஷ்டேக்காகப் போடுவதை மட்டும் கொஞ்சம் நிறுத்தலாம். அந்த மனுஷன் செய்த காரியம் வேறு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கன்கார்டு என்று ஒரு சின்ன ஊர். 1830, 40களில் அந்த ஊரையும் பாஸ்டனையும் சுற்றி எமர்சன், தோரோ, மார்கரெட் ஃபுல்லர், பிரான்சன் ஆல்காட் என்று ஒரு கூட்டம் இருந்தது. டிரான்ஸென்டென்டலிஸ்ட்டுகள் என்று பெயர், பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். எது சரி, எது உண்மை என்று மனுஷன் தனக்குள்ளேயே தெரிந்துகொள்ள முடியும், நடுவில் சபையும் சாஸ்திரமும் கூட்டத்தின் அபிப்பிராயமும் தரகு பார்க்க வேண்டியதில்லை, இதுதான் அவர்கள் பேச்சின் சாரம். சித்தர் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. எமர்சன் பாஸ்டனில் பாதிரியாராக இருந்தவர். தனக்கு நம்பிக்கை போய்விட்ட ஒரு சடங்கை நடத்த மனசு ஒப்பவில்லை என்று 1832ல் அந்த வேலையை விட்டார். 1838ல் ஹார்வர்டில் பாதிரியார் படிப்பு முடித்த பிள்ளைகள் முன்னால் நின்று, சபை உயிரில்லாமல் கிடக்கிறது என்கிற தொனியில் பேசிவிட்டு வந்தார். அப்புறம் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்த இடத்தில் அவரை யாரும் பேசக் கூப்பிடவில்லை.

தோரோ அவரைவிடச் சின்னவர். 1845 ஜூலை 4ஆம் தேதி வால்டன் குளத்தங்கரையில் தன் கையால் கட்டிய குடிசைக்குக் குடிபோனார். பத்தடிக்குப் பதினைந்தடி. இடம் எமர்சனுடையது. வேறொருவரின் பழைய குடிசையை விலை பேசி வாங்கி, பிரித்து, அந்தப் பலகைகளை வெயிலில் காயவைத்து எடுத்துக் கட்டியது. ஆணிக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, பழைய ஜன்னலுக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, மொத்தம் 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று எழுதி வைத்திருக்கிறார். அரை சென்ட்டைக்கூட விடவில்லை பாருங்கள், எங்கள் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் தோற்றார். இடையில் ஒரு தகவல், நம்ம ஊர்ப்பக்கம் சம்பந்தப்பட்டது: 1846-47 குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் உறைந்த ஐஸை அறுத்து எடுக்கக் கூலியாட்கள் வந்தார்கள். அப்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஐஸ் கப்பலேறி மெட்ராஸ் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. காலையில் தான் கீதை படிக்கிற குளத்துத் தண்ணீரை மெட்ராஸ்காரனும் பம்பாய்க்காரனும் குடிக்கிறான் என்று குஷியாக எழுதியிருக்கிறார். அந்த ஐஸை இறக்கி வைக்க 1842ல் கட்டிய கட்டடம்தான் மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது.

அந்தக் குளத்துக்கும் ஊருக்கும் ஒன்றரை மைல்தான். எங்கள் அம்மாப்பேட்டையிலிருந்து டவுனுக்கு நடந்து போகிற தூரம். தோரோ அடிக்கடி ஊருக்குள் வருவார், அம்மா வீட்டில் சாப்பிடுவார், நண்பர்கள் வீட்டில் சாப்பிடுவார். இதை வைத்துத்தான் இத்தனை வருஷமாக அவரைக் கிண்டல் செய்கிறார்கள்: பெரிய தனிமை, அழுக்குத் துணி மட்டும் அம்மா வீட்டுக்குப் போகும். கிண்டலில் நியாயம் உண்டு. ஒரு ஆண் 'சுதந்திரமாக' இருக்கிறான் என்றால் எங்கேயோ ஒரு பெண் அடுப்பு முன்னால் நிற்கிறாள் என்பது நமக்குத் தெரியாத சேதியா? ஆல்காட் கதை இதைவிட மோசம். 1843ல் புதுவாழ்வு வாழ்கிறோம் என்று ஃப்ரூட்லாண்ட்ஸ் என்ற பண்ணையை ஆரம்பித்தார்கள். அடிமைகள் விளைவித்த பருத்தி உடுத்தக் கூடாது, ஆட்டு ரோமமும் கூடாது, இறைச்சி கிடையாது, பால்கூடக் கிடையாது. கொள்கை எல்லாம் பிரமாதம். பார்லி அறுப்பு நேரத்தில் ஆண்கள் தத்துவம் பேச வெளியூர் போய்விட்டார்கள், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது கதிரை அள்ளிச் சேர்த்தது ஆல்காட்டின் மனைவியும் பிள்ளைகளும். ஏழே மாதத்தில் பண்ணை மூடியாயிற்று.

ஆனால் தோரோ வீட்டுப் பெண்களைத் துணி துவைத்தவர்களாக மட்டும் பார்த்தால் அது நம் கோளாறு. அவர் அம்மாவும் அக்கா தங்கையும் கன்கார்டில் இருந்த பெண்களின் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்தவர்கள். மகன் வரி கட்ட மாட்டேன் என்று ஜெயிலுக்குப் போவதற்குப் பல வருஷம் முன்னாலேயே, அந்தச் சமையலறையில் அடிமைமுறையை எதிர்த்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தனியாளாக யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து கலகக்காரர் ஆகிவிடுவதில்லை.

அந்த ஜெயில் கதையைக் காந்தி வழியாகப் பலரும் கேட்டிருப்பீர்கள். 1846 ஜூலை. செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்திருந்த ஷூவை வாங்க ஊருக்குள் வந்தவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், தலைவரி பாக்கி. அடிமைமுறையை வைத்துக்கொண்டு மெக்சிகோ மேல் படையெடுக்கிற அரசாங்கத்துக்கு என் காசு போகாது என்றார். ஒரு ராத்திரிதான். யாரோ ஒருவர் பணத்தைக் கட்டிவிட, காலையில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நேராகப் போய்த் தைத்த ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டு, பெர்ரிப் பழம் பறிக்கப் போகிற கூட்டத்தோடு குன்றுக்குப் போய்விட்டார்.

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற விஷயம், சாலை வரியை அவர் ஒழுங்காகக் கட்டி வந்தார். அவரே எழுதியிருக்கிறார்: மோசமான குடிமகனாக இருக்க எவ்வளவு ஆசையோ, நல்ல அண்டைவீட்டுக்காரனாக இருக்கவும் அவ்வளவு ஆசை என்று. எனக்கு அவரைப் பிடிப்பது இந்த இடத்தில்தான். ஊர் செய்கிற எல்லாவற்றையும் எதிர்க்க வேண்டும் என்கிற வீம்பு அவரிடம் இல்லை. ரோடு எல்லாருக்கும் வேண்டும், இந்தா காசு. யுத்தத்துக்குக் கேட்கிறாயா, கிடையாது.

எமர்சனும் 1841ல் வந்த தற்சார்புக் கட்டுரையில் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார். கூட்டத்துக்கு நடுவில் கூட்டத்தின் இஷ்டப்படி வாழ்வது சுலபம், தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டு தன் இஷ்டப்படி வாழ்வதும் சுலபம், கூட்டத்துக்கு நடுவிலேயே முகம் கடுக்காமல் தன் சுதந்திரத்தை விடாமல் இருப்பவனே பெரியவன் என்கிறார். ஏற்காட்டு ரீல்ஸ் எந்த வகை என்று நீங்களே சொல்லுங்கள். அந்த காட்டேஜில் கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து, காபி போட்டுக் கொடுக்க எஸ்டேட் லைனிலிருந்து ஓர் அக்கா வந்து போகிறார், அவர் ரீல்ஸில் வர மாட்டார்.

"ஊருடன் கூடி வாழ்" என்று ஔவையார் சொல்லியிருக்கிறாரே என்று சித்தப்பாக்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள், தெரியும். சொல்லியிருக்கிறார்தான். அதே தமிழில்தான் மன்னன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று அப்பர் பாடினார். இரண்டையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய ஊர் இது.

சரி, மலையிலிருந்து இறங்குவோம். என் சின்னம்மா மகள் ஒருத்தி அம்மாப்பேட்டையில் இருக்கிறாள். வீட்டோடு சேர்ந்து நாலு விசைத்தறி, அதுதான் பிழைப்பு. பையன் பத்தாவதில் நல்ல மார்க். சேலம், ராசிபுரம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பத்தாவதில் நல்ல மார்க் என்றால் அடுத்து என்ன என்று கேட்கவே வேண்டாம்: ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளி, ஃபர்ஸ்ட் குரூப், விடிவதற்கு முன் எழுப்பி ராத்திரி வரைக்கும் டெஸ்ட். பிராய்லர் பள்ளி என்று நாமே பெயர் வைத்துச் சிரித்துவிட்டு, நாமே வரிசையில் நின்று பணம் கட்டுவோம். இவள் கட்டவில்லை. நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில், பையன் கேட்டபடி மூணாவது குரூப்பில் சேர்த்துவிட்டாள்.

அந்த வாரம் சொந்தபந்தம் ஒவ்வொருத்தராக இழவு வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். "மார்க் வாங்குன பையன போய் கணக்குப்பிள்ளை ஆக்குறியே", "நாலு பேர் என்னம்மா நெனப்பாங்க", "பணம் பத்தலைன்னா சொல்லியிருக்கலாமே". பெரியப்பா முறையில் ஒருத்தர், ஒரு பள்ளிக்கூடத்தின் அப்ளிகேஷனையே கையோடு கொண்டுவந்திருந்தார். இவள் யாரிடமும் சண்டை போடவில்லை. தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தாள், எனக்குக் காட்டினாள். ஒரு பக்கம் இரண்டு வருஷ ஃபீஸ், ஹாஸ்டல், அடகு வைக்க வேண்டிய நகை, அதற்கு வட்டி. இன்னொரு பக்கம், அவ்வளவு பணத்துக்குத் தறி எத்தனை ஷிஃப்ட் கூடுதலாக ஓட வேண்டும் என்று. அதற்கும் கீழே, அடிக்கோடு போட்டு, "ராத்திரி சாப்பாடு" என்று மட்டும் எழுதியிருந்தது. என்னடி இது என்றேன். "ரெண்டு வருசம் அவன் எங்ககூட உக்காந்து சாப்பிட மாட்டான்ல, அதுக்கு என்ன ரேட்டுன்னு தெரியலக்கா, அதான் எழுதி மட்டும் வெச்சேன்" என்றாள்.

ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நம் ஆயுளில் எவ்வளவைக் கொடுக்கிறோம் என்பதுதான் என்று வால்டனில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் தோரோ. இவளுக்குத் தோரோ யாரென்று தெரியாது, சொன்னால் "அவரு எந்த ஊரு" என்பாள். மற்றபடி எல்லாவற்றிலும் ஊரோடு போகிறவள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் வர மாட்டாள், சீட்டுப் பணம் ஒரு தேதி தள்ளிப்போகாது. சாலை வரி எல்லாம் கரெக்டாகக் கட்டிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எமர்சனோடு எனக்குச் சண்டையும் உண்டு. அதே கட்டுரையில், ஏழைகளை எல்லாம் நல்ல நிலைக்குக் கொண்டுவருவது உன் கடமை என்று என்னிடம் சொல்லாதே, அவர்கள் என் ஏழைகளா என்று ஓர் இடத்தில் எரிந்து விழுவார். வீடும் வருமானமும் உள்ள ஒருவர் 'உன்னை நம்பு' என்று சொல்வது சுலபம். சாதி விட்டுச் சாதி கட்டுகிற பெண்ணிடம் போய் அதை மட்டும் சொன்னால் போதுமா? உயிர் போகிற சமாசாரம். அவளுக்குத் தன்னை நம்புவதோடு, பக்கத்தில் நிற்க நாலு பேரும் வேண்டும். நம் ஊரில் இதைச் சரியாகப் பிடித்தவர்கள் சுயமரியாதைக்காரர்கள் என்று நினைக்கிறேன். 1925ல் தொடங்கிய இயக்கம். 1944ல் இதே சேலத்தில் நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களின் கல்யாணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது. அண்ணா முதல்வரான 1967ல்தான் அதைச் செல்லும் என்றாக்கச் சட்டத்திருத்தம் வந்தது. அதுவரைக்கும் அந்தத் தம்பதிகள் மலை ஏறி ஒளிந்துகொள்ளவில்லை, அதே தெருவில் குடித்தனம் நடத்தினார்கள், அதே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு இன்னொரு தம்பதி போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எமர்சனிடம் அந்த முன்வரிசை இல்லை.

என் சின்னம்மா மகளுக்கும் அப்படி ஆள் ரொம்ப இல்லை. அவள் வீட்டுக்காரர், தறியில் வேலை செய்கிற ஓர் அண்ணன், அப்புறம் நான். பையன் இப்போது ப்ளஸ் டூ. மே மாதம் ரிசல்ட் வரும். மார்க் குறைந்தால் அப்ளிகேஷன் கொண்டுவந்த அந்தப் பெரியப்பாதான் முதல் ஆளாக வந்து நிற்பார், மார்க் நிறைய வந்தாலும் "ஹாஸ்டல்ல போட்டிருந்தா இன்னும் வாங்கியிருப்பான்" என்பார். வரட்டும். காபி போட்டுக் கொடுப்பாள், குடித்துவிட்டுப் போகட்டும்.