மேற்கு ஆஸ்திரேலியா யார் காசிலும் வாழவில்லை

ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நான் இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். சிட்னி நேரம் காலை ஒன்பதுக்குக் கூட்டம். கோடையில் மூன்று மணி நேர வித்தியாசம், ஆக பெர்த்தில் ஆறு மணி. கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று கேட்டதற்குத்தான் கிழக்கே இருக்கும் ஒரு அண்ணா இப்படிப் பேசினார்: "நீங்களும் கடிகாரத்த மாத்திக்க வேண்டியதுதானே? மண்ணத் தோண்டி விக்கிறீங்க, அது போதாதுன்னு எங்க ஜிஎஸ்டியையும் வாங்கிக்கிறீங்க."

முதலில் கடிகாரம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் கோடை நேர மாற்றம் வேண்டாம் என்று இந்த மாநிலம் 1975, 1984, 1992, 2009 என்று நான்கு முறை வாக்களித்துச் சொல்லிவிட்டது. கடைசி முறை மூன்று கோடைகள் நடைமுறையில் வைத்துப் பார்த்த பிறகே வேண்டாம் என்றார்கள். இந்த வெயிலில் மாலைச் சூரியனை இன்னும் ஒரு மணி நேரம் யார் கேட்பார்கள்? பெர்த்திலிருந்து சிட்னி சுமார் 3,300 கிலோமீட்டர். ஜகார்த்தா அதைவிடப் பக்கம். எங்கள் இரும்புத்தாதுவை வாங்கும் சீனா எங்கள் நேரத்திலேயே இயங்குகிறது; சிங்கப்பூரும் அப்படித்தான். எங்கள் கடிகாரம் எங்கள் பிழைப்போடு சரியாகத்தான் ஓடுகிறது.

அடுத்தது மண். நாட்டு மக்கள்தொகையில் நாங்கள் ஒன்பதில் ஒரு பங்குதான். சரக்கு ஏற்றுமதியிலோ பாதியை நெருங்குகிறோம். மாநிலத்தின் வடக்கே உள்ள பில்பராவில் வெட்டிய இரும்புத்தாது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் வந்து, போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகத்தில் கடல் மட்டம் உயரும் நேரம் பார்த்துக் கப்பலில் போகிறது. இதே தாதுவை வெளியே விற்கக் கூடாது என்று 1938-லிருந்து 1960 வரை தடை போட்டிருந்தது மத்திய அரசு. தடை போன பிறகுதான் அந்தப் பாலைவனத்தில் இரும்புச் சுரங்க ஊர்களும் தாது ரயில் பாதைகளும் வந்தன.

என் கணவர் பில்பராவில் நியூமன் ஊர்ப் பக்கம் சுரங்கத்தில் வேலை செய்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். தினமும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல். எத்தனை முறை துவைத்தாலும் சட்டையிலிருந்து அந்தச் சிவப்பு போவதில்லை. மகள் போன பிறந்தநாளுக்கு அப்பாவை போனில் வைத்துக்கொண்டுதான் கேக் வெட்டினாள். இதையா மண் தோண்டுவது என்கிறீர்கள்?

ஜிஎஸ்டிக்கு வருகிறேன். அது மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரி. மக்கள்தொகைப்படி எங்களுக்கு ஒரு டாலர் வர வேண்டிய இடத்தில், 2015-16-ல் வந்தது சுமார் முப்பது சென்ட். 2018-ல் சட்டம் மாற்றிய பிறகு, 2022-23-லிருந்து எழுபது சென்ட், 2024-25-லிருந்து எழுபத்தைந்து சென்ட் என்று, அதற்குக் கீழே போகக் கூடாத ஒரு அடிவரம்பு வந்தது. முழு டாலர் இன்னும் இல்லை. சுரங்க நிறுவனங்கள் எங்கள் மாநிலத்துக்குக் கட்டும் ராயல்டியைக் கணக்கில் எடுத்துப் பங்கைக் குறைக்கிறார்கள். உங்கள் கிளப்புகளில் வரிசையாக நிற்கும் சூதாட்ட இயந்திரங்களிலிருந்து வரும் வரிக்காக உங்கள் பங்கை அப்படிக் குறைப்பதில்லை. இங்கே அந்த இயந்திரங்கள் பெர்த்திலுள்ள ஒரே ஒரு கேசினோவில்தான் உண்டு. யார் யாருடையதை வாங்கிக்கொள்கிறோம் அண்ணா?

"பல பத்தாண்டுகள் உங்களுக்கு நாங்கதானே கொடுத்தோம்" என்பீர்கள். ஆமாம், கொடுத்தீர்கள். அந்த அடிவரம்பால் மத்திய அரசுக்குப் பெரிய செலவு என்பதும் உண்மை. இருக்கட்டும். 1933-ல் இங்கே மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆஸ்திரேலியாவை விட்டுத் தனியே போய்விடலாம் என்று வாக்களித்தார்கள். நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அவர்களுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிந்தது. கிழக்கே இருப்பவர்கள் ஒரு நேரத்தை முடிவு செய்வார்கள், ஒரு விதியை எழுதுவார்கள், நாம் ஏன் என்று கேட்டால் பேராசைக்காரர்கள் ஆகிவிடுகிறோம்.

அண்ணா பேசியதுகூட ஆறிவிடும். அவரைக் கேட்டுச் சிரித்தவர்களில் இரண்டு பேர், 2012 வாக்கில் சிட்னியில் வேலை கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். எங்கள் வீட்டில் தங்கி, இதே சுரங்க வேலை பார்த்து, வீட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போனவர்கள். அவர்கள் பெயரை இங்கே எழுத மாட்டேன். போனில் கூப்பிட்டு நேராகவே கேட்கிறேன்.